தானாக எரியும் வேப்: பழுதுமேசைக்கு வரும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில், ஜோர்ஜ்டவுனில் கைத்தொலைபேசி பழுது பார்க்கிறேன். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், மைக்ரோபோன் சோதிக்கும் பிரிவில் வேலை. வேப் என்ற மின்சிகரெட்டை இழுப்பவனும் இல்லை, விற்பவனும் இல்லை. ஆனாலும் இரண்டு மூன்று வருடமாகத் தொலைபேசியோடு சேர்த்து ஒரு வேப்பையும் மேசையில் வைத்து, "அண்ணே, இது தானா எரியுது, கொஞ்சம் பாருங்க" என்கிறார்கள். எல்லாம் பொத்தான் இல்லாமல், வாயில் வைத்து இழுத்தாலே வேலை செய்யும் வகை. சொன்னதையே திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். இழுப்பது உடம்புக்கு நல்லதா என்று கேட்டு யாரும் வர வேண்டாம். நல்லதல்ல.

பொத்தானே இல்லையே, நான் இழுப்பது அதற்கு எப்படித் தெரிகிறது?

தெரியாது. எல்லாத் தொல்லைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. அதற்கு உங்களையும் தெரியாது, உங்கள் வாயையும் தெரியாது.

உள்ளே பட்டாணியில் பாதி அளவுக்கு ஓர் உலோகக் குப்பி இருக்கும், அதுதான் சென்சார். முதன்முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது வருடம் நான் கட்டி மாரடித்த மைக்ரோபோனின் உடன்பிறப்பு அது! மெல்லிய சவ்வு ஒன்று, எதிரே ஒரு தகடு, நடுவே மயிரிழை இடைவெளி. இரண்டும் சேர்ந்து ஒரு கெபாசிட்டர், அதாவது மின்னூட்டம் தேக்கும் உறுப்பு. சவ்வின் ஒரு முகம் நீங்கள் இழுக்கும் காற்றுப் பாதையைப் பார்த்திருக்கும். மறுமுகம் சிறு துளை வழியாக வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்கும். நீங்கள் இழுக்கும்போது பாதையில் காற்றழுத்தம் சில நூறு பாஸ்கல் குறைகிறது. சவ்வு அந்தப் பக்கம் வளைகிறது, இடைவெளி மாறுகிறது. குப்பிக்குள் இருக்கும் சில்லு அதைக் கண்டுகொண்டு, பேட்டரியின் மின்சாரத்தைக் காயில் என்ற சூடேறும் கம்பிச்சுருளுக்குத் திறந்துவிடுகிறது. காயில் சூடேறி, பஞ்சில் ஊறியிருக்கும் லிக்விட் ஆவியாகிறது.

கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 101,000 பாஸ்கல். அதில் சில நூறு என்றால் ஒரு விழுக்காடுகூட இல்லை. சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையே அந்த வித்தியாசம் வந்துவிட்டால் போதும். வித்தியாசத்தை உண்டாக்கியது உதடா, காற்றா, மலையா, ஒரு சொட்டு லிக்விடா என்று சென்சார் விசாரிப்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

பையில் சும்மா கிடக்கும்போதே சூடாகிறது. யார் இழுத்தது?

என் மேசைக்கு வந்தவற்றைப் பார்த்தவரை, பெரும்பாலும் லிக்விட்தான். நீங்கள் இழுத்து முடித்ததும் பாதையில் எஞ்சிய ஆவி குளிர்ந்து துளிகளாகப் படியும். பாட், அதாவது லிக்விடும் காயிலும் இருக்கும் கழற்றக்கூடிய கூடு, லேசாகக் கசிந்தாலும் அந்தத் துளிகளோடு சேரும். கருவியைப் பையில் தலைகீழாகவும் படுக்கையாகவும் போட்டுக்கொண்டு திரிகிறோம். துளி ஊர்ந்து சென்சாரின் வாயிலுக்குப் போய்விடும்.

வேப் லிக்விடின் அடிப்படை கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும். இரண்டும் பிசுபிசுப்பானவை, இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பவை. நம் ஊர் ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், டின்னைத் திறந்து வைத்த முறுக்கு ஒரு மணி நேரத்தில் நமத்துப் போகிறது. அதனால் சென்சாரில் ஒட்டிய படலம் தானாகக் காய்வதே இல்லை. அது சவ்வில் ஒட்டிக்கொண்டு அதை வளைந்த நிலையிலேயே பிடித்து வைக்கலாம், அல்லது மறுபக்கத் துளையை அடைத்துவிடலாம். சவ்வு வளைந்தே நின்றால் சில்லின் கணக்கில் யாரோ விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பினாங்குக் கொடிமலை ரயிலில் ஏறும்போது என் வேப் சட்டைப் பையில் எரிந்தது. தற்செயலா?

ஒரு தம்பி இதைக் கேட்டபோது நான் முதலில் நம்பவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 12 பாஸ்கல் குறையும். கொடிமலை ரயில் ஆயர் ஈத்தாம் அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்துக்குச் சில நிமிடத்தில் கொண்டுபோய்விடுகிறது. காது அடைத்துக்கொள்வது அதனால்தான். மொத்த இறக்கம் 8,000 பாஸ்கல் அளவில் வரும். நீங்கள் வாயால் இழுப்பது சில நூறு. அப்படியென்றால் ரயிலில் இருக்கும் எல்லோருடைய வேப்பும் ஒரே நேரத்தில் எரிய வேண்டுமே?

எரியாததற்குக் காரணம் அந்த இரண்டாவது துளை. நல்ல நிலையில் இருக்கும் சென்சாரில் சவ்வின் இரு பக்கமும் வெளிக்காற்றோடு பேசிக்கொண்டிருக்கின்றன. ரயில் ஏற ஏற இரண்டு பக்கமும் சேர்ந்தே குறைகின்றன, வித்தியாசம் வருவதில்லை. துளை லிக்விடால் அடைபட்டிருந்தால் கதை வேறு. பின்பக்கத்தில் அடிவாரத்துக் காற்று சிறைபட்டுக் கிடக்கும், முன்பக்கத்தில் மலைக்காற்று. சவ்வு காற்றுப் பாதையின் பக்கம் வளையும். நீங்கள் இழுக்கும்போது எந்தப் பக்கம் வளையுமோ அதே பக்கம். துளை அடைபட்ட சென்சாருக்கு மலை ஏறுவதும் வாயால் உறிஞ்சுவதும் ஒன்றே.

ஆகவே அந்தத் தம்பியின் கருவி மலையில் கெட்டுப்போனதல்ல. அடிவாரத்திலேயே கெட்டிருந்தது, மலை அதைக் காட்டிக்கொடுத்தது. பிரித்துப் பார்த்தேன், துளையில் பழுப்பு நிறப் பிசின்.

அப்போ லிஃப்டில்?

அதே கணக்கு, சின்ன அளவில். 20 மாடி பிளாட் என்றால் ஏறத்தாழ 60 மீட்டர், 700 பாஸ்கலுக்குக் கொஞ்சம் மேலே. நல்ல கருவிக்கு ஒன்றும் ஆகாது. லிஃப்டில் மேலே போகும்போதெல்லாம் விளக்கு எரிகிறது என்றால் துளை அடைபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத சோதனை.

கசிந்தால் வாயில் வைத்து 'ஃபூ' என்று ஊதிவிடுகிறேன். சரிதானே?

தவறு. இந்த ஒன்றை நிறுத்தினாலே என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஊதும்போது பாதையில் கிடக்கும் துளி எங்கே போகும்? எதிர்முனையில் சென்சார்தான் உட்கார்ந்திருக்கிறது. நீங்களே கொண்டுபோய் அதன் வாயில் ஊட்டுகிறீர்கள்.

பாட்டைக் கழற்றுங்கள். கழற்றிய பாட்டைத் தனியே பிடித்து உதறலாம், ஊதலாம், தப்பில்லை. கருவியின் குழியில் டிஷ்யூவை முறுக்கித் திரிபோல் விட்டு, ஈரத்தை உறிஞ்ச விடுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியும் நல்லது. மின்தொடர்புப் புள்ளிகளைத் துடையுங்கள். நடுவிலோ ஓரத்திலோ ஒரு சிறு துளை தெரியும், அதுதான் சென்சாருக்குப் போகும் வழி. அதில் ஊசி விடாதீர்கள், சவ்வு கிழிந்துவிடும். குழி கீழ்ப்பார்த்தபடி டிஷ்யூ மேல் ஓர் இரவு வையுங்கள். மறுநாள்தான் பாட்டைப் பொருத்த வேண்டும். வாரம் ஒரு முறை துடைத்தால் போதும், பாட்டைப் புதிதாக மாற்றும்போதெல்லாம் கட்டாயம்.

தீர்ந்ததும் எறிந்துவிடும் டிஸ்போசபிளில் இதற்கெல்லாம் வழியில்லை, கழற்றவே முடியாது. எனக்கு அந்த வகையைக் கண்டாலே பிடிப்பதில்லை.

பத்து விநாடியில் தானாக நின்றுவிடும் என்றார் கடைக்காரர். பிறகு என்ன பயம்?

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பல கருவிகளில் எட்டு அல்லது பத்து விநாடி தொடர்ந்து எரிந்தால் சில்லு மின்சாரத்தை வெட்டிவிடும். ஆனால் சவ்வு லேசாகத் துடித்துத் துடித்து ஒட்டினால், ஒவ்வொரு துடிப்பும் புது இழுப்பாகவே கணக்காகும். பத்து விநாடி எரிந்து, நின்று, மீண்டும் பத்து விநாடி.

இதைவிட மோசமான கோளாறு ஒன்று உண்டு. மின்சாரத்தைத் திறந்து மூடும் மொஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்சே சூட்டிலோ ஈரத்திலோ கெட்டு, திறந்த நிலையிலேயே உறைந்துவிடுவது. அப்போது சில்லு "நிறுத்து" என்று கத்தினாலும் கேட்க ஆளில்லை. ஓட்டைக் குழாயைப் பூட்டிய கதைதான்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி: விட்டு விட்டு எரிந்தால் சென்சார், சுத்தம் செய்து பார்க்கலாம். நிற்காமல் எரிந்தால் சுவிட்ச். அந்தக் கருவியை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படி எவ்வளவுதான் சூடாகும்?

3.7 வோல்ட் பேட்டரி, 1.2 ஓம் காயில் என்று வைத்தால் 11 வாட் வரும். என் மேசையில் இருக்கும் யூஎஸ்பி சால்டரிங் கருவி 8 வாட்தான், அதில் ஈயம் உருகுகிறது. 550 மில்லிஆம்பியர்மணி பேட்டரி முழு சார்ஜில் இருந்தால், நிற்காமல் எரியும்போது பத்துப் பன்னிரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்கும். இழுப்பவர் இருந்தால் காற்று ஓடிக் காயிலைக் குளிர்விக்கும், லிக்விடும் ஓடிவரும். பைக்குள் அது எதுவும் இல்லை. பஞ்சு காய்ந்து கருகும், பிளாஸ்டிக் இளகும், அந்தச் சூடு பக்கத்திலேயே இருக்கும் லித்தியம் பேட்டரியைத் தாக்கும். பேட்டரி எல்லை மீறிச் சூடானால் பிறகு தன் சூட்டிலேயே தான் எரியும்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் 2017 அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டுச் செய்திகளில் வந்த 195 மின்சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களை எண்ணியது. அவற்றில் 61, கருவியோ உதிரி பேட்டரியோ உடுப்பின் பையில் இருந்தபோது நடந்தவை. எல்லாம் ஆட்டோ ஃபயர், அதாவது தானாக எரிதல், அல்ல. உதிரி பேட்டரி சாவிக்கொத்தோடு உரசினாலும் இதே கதிதான். ஆனால் பை என்ற இடத்தின் ஆபத்து அதில் தெரிகிறது.

இப்போது, இந்த நிமிடம், தானாக எரிந்துகொண்டிருக்கிறது. என்ன செய்ய?

பாட்டைப் பிடுங்குங்கள். காயில் பாட்டுக்குள்தான் இருக்கிறது, பிடுங்கினால் சுற்று அறுந்துவிடும். சென்சார் என்ன நினைத்தாலும் எரிய எதுவும் இல்லை.

டிஸ்போசபிள் என்றால் உடுப்பிலிருந்து எடுத்து வெளியே சிமெண்டுத் தரையில் வையுங்கள். மெத்தை, சோபா, குப்பைத்தொட்டி வேண்டாம். உப்பினாலோ, சீறினாலோ, புகைந்தாலோ கையால் தொடவே தொடாதீர்கள். தள்ளி நின்று தண்ணீரை நிறைய ஊற்றுங்கள், பக்கத்தில் ஏதாவது பற்றினால் 999. தோல் சுட்டிருந்தால் ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப் (சோயா சாஸ்) தடவும் வைத்தியம் நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைத் துடைத்தெடுப்பது மருத்துவமனையில் தனி வேலையாகிவிடும்.

மோட்டார் சைக்கிளில் போகும்போது சட்டைப் பையில் வாய்முனை வெளியே தெரிய வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்றின் தள்ளுவிசை ஏறத்தாழ 300 பாஸ்கல். திறந்த துளைக்குக் குறுக்கே காற்று பாய்ந்தால் துளைக்குள் அழுத்தம் குறையலாம். அந்த அளவு சென்சாரை எழுப்புவதற்குக் கிட்டத்தட்ட போதும். பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போது மார்பில் ஆவி வந்தால் அதுதான் காரணம். வாய்முனையைக் கீழே தள்ளி வைத்தால் லிக்விட் கசியும், மேலே வைத்தால் காற்று. ஆகவே பாட்டைக் கழற்றி, இரண்டையும் தனித்தனியே வையுங்கள்.

இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியும் வேண்டாம். வெயிலில் நிறுத்திய மோட்டாரின் பெட்டிக்குள் கை விட்டுப் பார்த்திருப்பீர்கள். சூட்டில் லிக்விட் நீர்த்துக் கசியும், பேட்டரிக்கும் கேடு. காரின் டேஷ்போர்டுக்கும் இதே பதில்.

தைப்பூசத்தில் உறுமி அடிக்கும்போது எரிந்தது என்கிறான் என் நண்பன். கதைதானே?

மைக்ரோபோனின் உடன்பிறப்பு என்று சொன்னேனே, ஒலியும் அழுத்த அலைதான். ஆனால் ஒலியில் சவ்வு முன்னும் பின்னும் ஆடும், ஒரே பக்கம் நிற்காது. ஒழுங்காகச் செய்த சில்லு ஆட்டத்தை ஒதுக்கி, நிலையான வளைவை மட்டுமே எடுத்துக்கொள்ளும். மலிவான சில்லு ஏமாறலாம். காரில் பெரிய சப்வூஃபர் வைத்திருப்பவர்களும் இதே புகாரோடு வந்திருக்கிறார்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அவன் எதற்கு அதைக் கொண்டுபோனான் என்று அவனிடம் கேளுங்கள்.

புதிதாக வாங்கியபோது இரண்டு முனையிலும் ரப்பர் மூடி இருந்தது. எறிந்துவிட்டேன்.

எறிந்திருக்கக் கூடாது. அந்தச் சிலிக்கன் மூடி வெறும் தூசி தடுப்பு அல்ல. கப்பலிலும் லோரியிலும் ஆடி அசைந்து வரும்போது காற்று ஓடாமல் தடுத்து, கருவி எரியாமல் பார்த்துக்கொள்வது அதன் முக்கிய வேலை. அடுத்த முறை வைத்துக்கொள்ளுங்கள், பையில் போடும்போதெல்லாம் மாட்டுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. மலை உச்சியில் மூடியை மாட்டி, மாட்டியபடியே கீழே இறங்காதீர்கள். பாதைக்குள் உச்சியின் மெல்லிய காற்று அடைபட்டிருக்க, வெளியே அழுத்தம் கூடிக்கொண்டே வரும். கணக்குப்படி அதுவும் ஓர் உறிஞ்சல்தான். அடிவாரத்தில் மாட்டி, அடிவாரத்தில் கழற்றினால் இந்தச் சிக்கல் இல்லை.

இவ்வளவு தெரிந்தும் தயாரிப்பவர்கள் ஏன் இதைத் தடுக்கவில்லை?

தடுக்க வழி இல்லாமல் இல்லை. சீன மருந்தாளர் ஹோன் லிக் 2003-இல் மின்சிகரெட்டை உருவாக்கியதிலிருந்தே இந்த உறிஞ்சல் சென்சார் கூடவே வருகிறது. இருபது வருடத்துக்கு மேல் ஆன தொழில்நுட்பம். விலை உயர்ந்த கருவிகளில் சில நல்ல உத்திகளைப் பார்க்கலாம்.

ஒன்று, வேகத்தைப் பார்ப்பது. வாயால் இழுத்தால் அழுத்தம் நொடியின் ஒரு பகுதிக்குள் சட்டென்று விழும். மலை ஏறும்போதும் வானிலை மாறும்போதும் மெல்ல மெல்ல விழும். மெல்ல வரும் மாற்றத்தைப் புதிய அடிமட்டமாக ஏற்றுக்கொண்டு, சட்டென்று வருவதை மட்டும் இழுப்பாக எடுக்கும்படி சில்லுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் கொடிமலைப் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்தது. இன்னொன்று, இரண்டு சாட்சி கேட்பது. வாய்முனையில் உதடு படுகிறதா என்று தொடு உணர்வால் ஒரு சாட்சி, காற்றழுத்தத்தால் ஒரு சாட்சி. இரண்டும் ஒத்துப்போனால்தான் காயில் சூடாகும். எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் பையில் காற்று வீசலாம், உதடு இருக்காது. ஈரத்துணி பட்டு ஏமாறலாம் என்பது உண்மை. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஏமாறுவது அபூர்வம்.

பிறகு சென்சாரை எங்கே வைப்பது என்ற கேள்வி. பாட்டுக்கு நேர் கீழே வைத்தால் கசிவெல்லாம் அதன் தலையில்தான். பக்கவாட்டில் ஒரு கிளைப் பாதையில், வளைவுக்கு அப்பால், சிறு சிலிக்கன் உறைக்குள் வைத்தால் துளி வந்து சேராது, அழுத்தம் மட்டும் வந்து சேரும். இதற்குக் கூடுதலாகச் சில காசுதான் ஆகும். ஆனால் சில நாளில் எறியப்போகும் டிஸ்போசபிளில் அந்தச் சில காசைக்கூட மிச்சம் பிடிக்கிறார்கள்.

சென்சாரை மந்தமாக்கிவிட்டால் என்ன என்றும் கேட்கிறார்கள். மந்தமானால் பலமாக இழுக்க வேண்டும். பலமாக இழுத்தால் பஞ்சிலிருந்து லிக்விட் அதிகமாக வெளியே வரும், பாதையில் தேங்கும், சென்சாருக்குப் போகும். ஆட்டோ ஃபயரைத் தடுக்கப்போய் அதையே வரவழைத்ததாகிவிடும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கையால் அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் தள்ளும் சுவிட்சோ, ஐந்து முறை அழுத்தினால் அணையும் பொத்தானோ இருந்தால் பாதிக் கவலை போயிற்று. அதற்கு அடுத்தபடி, பாட் கழற்றக்கூடியதா என்று. பிறகு சிரிம் என்ற மலேசியத் தர நிறுவனத்தின் முத்திரை. 2022 ஆகஸ்ட் 3 முதல் வேப் கருவிகளுக்கு இங்கே அது கட்டாயம். முத்திரை இருந்தால் ஆட்டோ ஃபயர் வராது என்று பொருளல்ல, முத்திரையே இல்லாததை வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்பது புகைப்பொருள் கட்டுப்பாட்டுக்கான 852 சட்டம், 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பள்ளிச் சீருடையில் வந்து என்னிடம் பழுது பார்க்கக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை.

விமானத்தில்?

கையில் கொண்டுபோகும் பையில் மட்டும். சரக்குப் பெட்டியில் போடக் கூடாது என்பது 2015-இல் அனைத்துலக வான்பயண அமைப்பு விதித்தது. தானாக எரிந்தால் கேபினில் யாராவது பார்த்து அணைப்பார்கள், சரக்கறையில் பார்க்க ஆளில்லை. விமானத்துக்குள் சார்ஜ் போடவும் கூடாது.

மேலே போனதும் கேபின் அழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்குக்கு இறங்கும். பாட்டுக்குள் இருக்கும் காற்றுக்குமிழி மூன்றில் ஒரு பங்கு பெருத்து லிக்விடைப் பிதுக்கித் தள்ளும். அது எங்கே போகும் என்று இனி சொல்லத் தேவையில்லை. ஏறுவதற்கு முன்பே பாட்டைக் கழற்றி, வாய்முனை மேல் பார்க்க, ஒரு ஜிப் பைக்குள் தனியே வையுங்கள். அரைகுறையாக நிரம்பிய பாட் வேண்டாம், காலியான பாட் நல்லது.

ஹாட்யாய், சிங்கப்பூர், சென்னை போகிறேன்.

வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். தாய்லாந்து இறக்குமதியைத் தடை செய்திருக்கிறது, சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம், இந்தியா 2019-இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.

வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

இதற்குத்தான் எனக்கு உண்மையான பயம். பொத்தான் உள்ள கருவியைக் குழந்தை எடுத்தால் எதை அழுத்துவதென்று தெரியாது. உறிஞ்சும் வகைக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைப்பதுதான் அந்த வயதின் வேலை, பால்புட்டியில் பழகிய வாய்க்கு உறிஞ்சவும் தெரியும். மாம்பழ வாசனை வேறு. சென்சார் எவ்வளவு நல்லதானாலும் இங்கே பயனில்லை, ஏனென்றால் இது அதன் கணக்கில் முறையான இழுப்பு. சுவிட்சை அணைத்து, பாட்டைக் கழற்றி, உயரத்தில் பூட்டி வையுங்கள். மூன்றையும் செய்யுங்கள்.

பாட்டைக் கடித்து லிக்விடை விழுங்கினால் அது நிக்கோட்டின் நஞ்சு. வாந்தி, எச்சில் வழிதல், வெளிறிப்போதல் வரலாம். அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காமல், நேரே மருத்துவமனைக்கு, பாட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். தேசிய நச்சு மையம் நம் பினாங்கில், யுஎஸ்எம் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது, மருத்துவர்களும் அங்கேதான் கேட்கிறார்கள்.

சென்சாரை மட்டும் மாற்றித் தருவீர்களா அண்ணே?

மூன்று ஒயர்தான், மாற்ற முடியும். ஆனால் மாற்றித் தருவதில்லை. லித்தியம் பேட்டரிக்கு அரை அங்குலம் தள்ளி சால்டரிங் வைக்க வேண்டும். மாற்றிய பின் அது எந்த அழுத்தத்தில் எழும் என்று சோதிக்கத் தேவையான கருவி என்னிடம் இல்லை. தொழிற்சாலையில் இருந்தபோது இருந்தது. சோதிக்காமல் ஒரு சென்சாரை உங்கள் பையில் போட்டு அனுப்ப எனக்கு மனம் வராது. துடைத்துத் தருவேன், எட்டு வெள்ளி (ரிங்கிட்).

செத்துப்போன டிஸ்போசபிளைக் குப்பையில் போடலாமா?

கூடாது. "செத்தது" லிக்விட்தான், பேட்டரியில் பல நேரம் இன்னும் உயிர் இருக்கும், சென்சாரும் விழித்தே இருக்கும். குப்பை லோரியில் நசுங்கினால் தீ. மின்னணுக் கழிவு இந்நாட்டில் எஸ்டபிள்யூ110 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாக, அதாவது ஆபத்தான கழிவாக, வகைப்படுத்தப்பட்டது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். அதுவரை வாய்முனையில் ஒட்டுநாடா சுற்றி, பழைய மைலோ டின்னில் போட்டு வையுங்கள். என் கடை வாசலிலும் ஒரு டின் இருக்கிறது.

அம்மா கால்சட்டையோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டுவிட்டார். காய்ந்ததும் வேலை செய்யுமா?

செய்யும், அதுதான் பிரச்சினை. தண்ணீர் காய்ந்தாலும் சோப்புப் படலம் துளையில் தங்கும். இன்றைக்கு நன்றாக இழுக்கும், மூன்றாம் நாள் பையில் எரியும். டிஸ்போசபிள் என்றால் மேலே சொன்ன டின்னுக்குப் போகட்டும். பாட் வகை என்றால் பாட்டை எறிந்துவிட்டு, சார்ஜ் போட்டுப் பார்க்காமல் கருவியை மட்டும் கொண்டுவாருங்கள். தயவுசெய்து அரிசிப் பானைக்குள் புதைக்க வேண்டாம். ஒரு தங்கை அப்படிச் செய்து, கடைசியில் பத்துக் கிலோ அரிசியையும் சேர்த்துக் கொட்ட வேண்டியதாயிற்று.